வெந்தயம் மணக்கும் ஒயின்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. மூத்தவளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் இருவருக்கும் மகிழ்ச்சி. முழங்கால் வலிக்கு இன்னும் எண்ணெயையே நம்பிக்கொண்டிருக்காதே, மருத்துவரைப் போய்ப் பார்.

இங்கே பிரான்சில் இடப்பெயரிலேயே விற்கும் சின்னஞ்சிறு ஒயின்களைப் பற்றிக் கேட்டிருந்தாய். ரோன் ஆற்றங்கரையில் ஷாத்தோ கிரியே என்று ஒன்று. மொத்தத் தோட்டமும் நான்கு ஹெக்டேருக்குள்; ஆனால் 1936 முதல் அதற்கெனத் தனிப் பெயருரிமை, அதாவது வேறு யாரும் அந்தப் பெயரில் ஒயின் விற்க முடியாது. 2011இல் பெருஞ்செல்வர் பிரான்சுவா பினோ வாங்கிவிட்டார். விலையைக் கேட்டதோடு திரும்பிவிட்டேன்.

என்னை மயக்கியது ஜூரா பகுதியில் உள்ள ஷாத்தோ ஷலோன்தான். குன்றின் விளிம்பில் கிராமம், கீழே சரிவெல்லாம் சவன்யான் என்ற வெள்ளைத் திராட்சை. பீப்பாயில் ஊற்றிய ஒயின் ஆவியாகிக் குறையும் அல்லவா? பெரும்பாலான ஊர்களில் அவ்வப்போது ஊற்றி நிரப்பிவிடுவார்கள். இங்கே நிரப்பவே மாட்டார்கள். பாலில் ஆடை படிவதுபோல மேலே ஈஸ்ட் படர்ந்து, காடியாகிவிடாமல் காக்கிறது. அறுவடையிலிருந்து ஆறாம் ஆண்டு டிசம்பர் 15 வரையாவது இப்படியே கிடக்கவேண்டும் என்பது சட்டம். குட்டையான புட்டியில் 62 சென்டிலிட்டர்தான் பிடிக்கும். ஒரு லிட்டர் ஊற்றினால் கடைசியில் மிஞ்சுவது அவ்வளவுதான் என்கிறார்கள்.

நிறம் பொன் மஞ்சள். கோப்பையை முகர்ந்ததும் வால்நட், அதன் பின்னாலேயே நம் வீட்டு வெந்தயம்! பிரமை என்று நினைத்தேன். இல்லை, சோட்டோலோன் என்ற ஒரே வேதிப்பொருள்தான் இரண்டிலும் மணக்கிறதாம். இனிப்பு துளியும் கிடையாது. முதல் மிடறில் முகம் சுளிப்பவர்கள் உண்டு, என் மனைவி உட்பட.

ஆனால் நான் வணங்குவது வேறொன்றை. அறுவடைக்கு முன் ஒரு குழு தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கும். தரம் போதவில்லை என்றால் அந்த ஆண்டு ஷாத்தோ ஷலோனே கிடையாது. விளைந்ததை வேறு பெயரில் விற்றுக்கொள்ள வேண்டியதுதான். 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளில் அப்படித்தான் நடந்தது. ஐம்பது ஹெக்டேர் சொச்சத்தை வைத்துக்கொண்டு ஒரு வருடத்து விலையை விட்டுக்கொடுப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும். பெரிய ஊர்கள் எத்தனை இதைச் செய்யும் என்று யோசித்துப் பார்.

நீ வந்தால் திறக்க ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். அதிகம் குளிர வைக்கக் கூடாது. கூடவே அவ்வூர்க்காரர்கள் சாப்பிடும் கொந்தே சீஸும் இருக்கும். திறந்த பிறகும் வாரக்கணக்கில் கெடாது என்பதால், ஒரே இரவில் முடிக்கச் சொல்லி உன்னை வற்புறுத்தமாட்டேன். விசா விஷயம் என்னவாயிற்று?

அன்புடன்,
ரவி