நகல் ப்ராப் செய்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்: பூர்வீகத்தை எழுதிக் கொடுங்கள்

வணக்கம்.

திரையில் பார்த்த தலைக்கவசம், துப்பாக்கி, ஒளிவாள் என்று படத்தில் பயன்படுத்திய பொருள் (ப்ராப்) ஏதாவது ஒன்றை வீட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து அச்சு அசலாகச் செய்து விற்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். ஸ்டுடியோக்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை, ஏலம் விடுகிறவர்களிடமும் இல்லை. உங்கள் கைவேலையைக் காசு கொடுத்து வாங்கி, வீட்டில் இருப்பவர்களின் முணுமுணுப்பையும் தாண்டி அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். ரீகாஸ்ட் சண்டை வெடிக்கும்போதெல்லாம் உங்கள் பக்கம்தான் நின்றிருக்கிறேன், இனியும் நிற்பேன். ஆனால் அந்தச் சண்டை ஏன் ஒவ்வொரு தடவையும் முடிவே இல்லாமல் இழுத்துக்கொண்டு போகிறது என்று யோசித்துப் பார்த்தால், காரணத்தில் பாதி உங்களிடமே இருக்கிறது. விற்கிற பொருள் எதிலிருந்து வந்தது என்று நீங்கள் எழுதிக் கொடுப்பதில்லை.

புதிதாக வந்தவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. ஒருவர் மாதக்கணக்கில் படத்தை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்து, களிமண்ணில் உருவம் பிடித்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அச்சு எடுத்து, ரெசினிலோ ஃபைபர்கிளாஸிலோ வார்த்து விற்கிறார். இன்னொருவர் அதில் ஒன்றை வாங்கி, மேலே சிலிக்கானை ஊற்றி அச்சு எடுத்து, பாதி விலைக்குத் தானே செய்ததாகச் சொல்லி விற்கிறார். அதுதான் ரீகாஸ்ட். முதல் ஆளின் மாதங்கள் இரண்டாவது ஆளுக்கு ஒரு வார வேலையாகச் சுருங்கிவிடுகின்றன.

பொருளும் சேர்ந்தே சுருங்குகிறது. ஸ்டார் வார்ஸ் பட வில்லன் டார்த் வேடரின் முகமூடியையே எடுத்துக்கொள்வோம். 1976-இல் லண்டனுக்குப் பக்கத்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டுடியோவில் பிரையன் மியூர் களிமண்ணில் கையால் செதுக்கியது அது. கையால் செய்ததால் இடது கன்னமும் வலது கன்னமும் ஒன்றுபோல இருக்காது, கண் குழிகள்கூடக் கொஞ்சம் வித்தியாசப்படும். 2005-இல் வந்த படத்துக்குக் கம்ப்யூட்டர் உதவியோடு இரண்டு பக்கத்தையும் சமமாக்கிவிட்டார்கள். என் கண்ணுக்கு அதில் பாதி பயம் போய்விட்டது, அது இருக்கட்டும். உங்களில் ஒருவரிடம் நான் வாங்கிய முகமூடியையும், நண்பர் ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று வேறு எங்கோ வாங்கியதையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். என்னுடையதில் கன்னத்துக்குக் கீழே கடுகளவு ஒரு மேடு உண்டு. அச்சில் காற்றுக் குமிழி மாட்டியதால் வந்தது, செய்தவரே அதைச் சொல்லித்தான் கொடுத்தார். நண்பருடையதிலும் அதே இடத்தில் அதே மேடு, ஓரம் மழுங்கிப்போய். உள்பக்கம் திருப்பினால், என்னுடையதில் செய்தவர் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கீறியிருந்த இடத்தில், நண்பருடையதில் புட்டி பூசித் தடவிய தடம். மேல் கவசத்தை எடுத்து வைத்தால் சரியாக உட்காராமல் ஆடுகிறது, ஏனென்றால் முகமூடி ஒரு சுற்று சிறுத்திருக்கிறது. ரெசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். வார்ப்பிலிருந்து அச்சு, அந்த அச்சிலிருந்து இன்னொரு வார்ப்பு என்று போகப்போக அந்தக் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். நண்பர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. அவர் ஏமாற்ற நினைத்தவர் இல்லை, ஏமாந்தவர்.

இந்த இடத்தில் வழக்கமாக ஒரு கேள்வி வரும். "நீங்களே உரிமம் இல்லாமல் ஸ்டுடியோவின் பொருளைக் காப்பி அடிக்கிறீர்கள், உங்களைக் காப்பி அடித்தால் மட்டும் திருட்டா?" நீங்கள் இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்திருப்பீர்கள், பதில் சொல்லாமல் கோபப்பட்டுவிட்டும் போயிருப்பீர்கள். என் பதில் இதுதான்: சட்டப்படி உங்கள் நிலை பலவீனமாகவே இருக்கலாம். ஆனால் படத்திலிருந்து பார்த்துச் செதுக்குகிறவர் தன் கண்ணையும் கையையும் காலத்தையும் அதில் போடுகிறார், வாங்குகிறவனிடம் "இது என் கைவேலை" என்று உண்மையைச் சொல்லி விற்கிறார். ரீகாஸ்ட் செய்கிறவர் அடுத்தவரின் உழைப்பை எடுத்து, பெயரை மறைத்து, பொய் சொல்லி விற்கிறார். தப்பு அந்தப் பொய்யில் இருக்கிறது. அப்படியென்றால் உண்மையைச் சொல்லி விற்பதுதானே உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம்? அதை ஏன் அரைகுறையாகச் செய்கிறீர்கள்?

இங்கிலாந்தில் நடந்த வழக்கு உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஸ்டார் வார்ஸ் முதல் படத்துக்காக 1976-இல் ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற படைவீரர்களின் தலைக்கவசங்களைச் சூடாக்கிய பிளாஸ்டிக் தகட்டில் வேக்குவம் வைத்து இழுத்துச் செய்து கொடுத்தவர் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த். 2004-இலிருந்து அதே கவசங்களைச் செய்து விற்கத் தொடங்கினார். படத்தைத் தயாரித்த லூகாஸ்ஃபிலிம் அமெரிக்காவில் வழக்குப் போட்டு 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது, பிறகு இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்தது. 2011 ஜூலையில் இங்கிலாந்து உச்ச நீதிமன்றம், அந்தக் கவசம் படம் எடுக்கும் வேலையில் பயன்பட்ட ஒரு பொருள், சிற்பம் என்று சொல்ல முடியாது என்றது. அதனால் அந்த நாட்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி அவர் செய்தது மீறல் ஆகவில்லை. அமெரிக்கப் பதிப்புரிமையை மீறியதற்காக இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. எல்லோரும் இந்தச் 'சிற்பமா இல்லையா' விஷயத்தையே பேசுகிறோம். எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. 2008-இல் உயர் நீதிமன்றத்தில் விசாரணை நடந்தபோது, யார் எதைச் செய்தார்கள் என்பதையே முதலில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி வரைந்த படங்களிலிருந்து தலைக்கவசத்தின் களிமண் மாதிரியைச் செய்தது நிக் பெம்பர்ட்டன், உடல் கவசத்தைச் செதுக்கியது மியூர் என்று நீதிபதி முடிவுக்கு வந்தார். முப்பது வருடத்துக்கு முன்னால் அவசர அவசரமாக நடந்த ஒரு வேலையை, சம்பந்தப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் தன் ஞாபகத்திலிருந்து ஒவ்வொரு மாதிரி சொல்ல, அதிலிருந்து ஒரு நீதிபதி உண்மையைப் பொறுக்கி எடுக்க வேண்டிய நிலை. அந்த வேலை நடந்தபோது யாராவது ஒரு தாளில், யார் எதைச் செய்தார்கள் என்று நாலு வரி எழுதி வைத்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, அந்தப் பொருள்களை ஒருநாள் யாராவது தேடுவார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும். உங்களுக்குத் தெரியுமே!

இப்போது உங்கள் விற்பனை வாசகங்களுக்கு வருகிறேன். "படத்தில் பயன்படுத்திய கவசத்திலிருந்து நேரடியாக எடுத்த அச்சு. உரிமையாளர் பெயரை வெளியிட முடியாது." உங்களில் எத்தனை பேர் இதை எழுதுகிறீர்கள்! காரணம் எனக்குப் புரியாமல் இல்லை. அசல் வைத்திருப்பவர், வெளியே தெரிந்தால் ஆள் ஆளுக்கு வந்து நிற்பார்கள், திருட்டு பயம் வேறு, அதனால் பெயர் சொல்லக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் அச்சு எடுக்க விட்டிருப்பார். வாக்குக் கொடுத்தால் காப்பாற்றத்தான் வேண்டும். ஆனால் அதே இரண்டு வரியை ரீகாஸ்ட் செய்கிறவரும் எழுத்து மாறாமல் எழுதுகிறார், அவருக்கும் அது அவ்வளவு வசதியாக இருக்கிறது. வாங்குகிறவன் முன்னால் இரண்டு விளம்பரம், இரண்டிலும் ஒரே வாசகம், விலை மட்டும் வேறு. அவன் எதை நம்புவான்? நீங்கள் பூர்வீகத்தை மறைக்க மறைக்க, மறைப்பது இந்தத் தொழிலின் சகஜமான பழக்கமாகிவிட்டது, அதன் நிழலில்தான் ரீகாஸ்ட் செய்கிறவர் குளிர்காய்கிறார்.

இதில் நல்லவர்களும் அடிபடுகிறார்கள், அதுதான் என்னை இந்த மடலை எழுத வைத்தது. ஒரே அசல் கவசத்திலிருந்து இரண்டு பேர் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாக அச்சு எடுத்திருக்கலாம். அசலில் இருந்த கீறல், பள்ளம், வளைவு எல்லாம் இரண்டு பேருடைய வார்ப்பிலும் இருக்கும், இருந்தே ஆக வேண்டும். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் "என் தழும்பு அவனுடையதிலும் இருக்கிறது, திருடன்" என்று கத்த, நூறு பேர் கூடச் சேர்ந்துகொள்ள, இரண்டாவது ஆள் பேர் கெட்டுப்போய்த் தொழிலையே விட்டுவிட்டுப் போகிறார். அசலின் தழும்பு எது, முதல் அச்சில் புதிதாக வந்த தழும்பு எது என்று பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். என் முகமூடியில் இருக்கும் குமிழி மேடு இரண்டாவது வகை, அதனால்தான் அதை வைத்து எங்களால் அடித்துச் சொல்ல முடிந்தது. இந்தக் கணக்கு உங்கள் தலைக்குள் மட்டும் இருந்தால், குற்றம் சாட்டவும் நீங்களே, சாட்சி சொல்லவும் நீங்களே என்று ஆகிவிடுகிறது.

வார்ப்பு வேலையே இல்லாத ப்ராப்களில் இந்தச் சிக்கல் வேறு உருவம் எடுக்கிறது. 1977-இல் வந்த ஸ்டார் வார்ஸ் முதல் படத்தில் நாயகன் லூக் வைத்திருந்த ஒளிவாளின் பிடி, பழைய கிராஃப்ளெக்ஸ் கேமரா ஃப்ளாஷின் உலோகக் குழாய். படத்தின் செட் அலங்காரத்தைக் கவனித்த ரோஜர் கிறிஸ்டியன் லண்டனில் ஒரு கேமரா கடையில் அதைக் கண்டெடுத்து, பிளாஸ்டிக் பட்டைகளும் கால்குலேட்டரின் உருப்பெருக்கிப் பட்டையும் ஒட்டி ஒளிவாள் ஆக்கினார். அதே படத்தில் வரும் ஓபி-வானின் வாளில் ரோல்ஸ்-ராய்ஸ் டெர்வென்ட் ஜெட் எஞ்சின் குழாய், துப்பாக்கியிலிருந்து ஏவும் எறிகுண்டின் பாகம், குழாய்த் திருகு எல்லாம் இருப்பதை ரசிகர்களே வருடக்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார்கள். இந்தப் பொழுதுபோக்கில் நான் மிகவும் மதிக்கிற வேலை அதுதான். அதே ஆட்கள் நடுவில், புதிதாகக் கடைந்த குழாயைப் பழசாக்கி, அடியில் கம்பெனி முத்திரையும் குத்தி, அந்தக் காலத்து அசல் ஃப்ளாஷ் என்று விற்கிறவர்களும் இருக்கிறார்கள். பிளேட் ரன்னர் படத்தில் வந்த துப்பாக்கி இன்னும் சிக்கல்: ஸ்டெய்யர் வேட்டைத் துப்பாக்கியின் பாகத்தையும் சார்ட்டர் ஆர்ம்ஸ் ரிவால்வரையும் இணைத்துச் செய்த ஒன்று அசல் என்றால், கீழே போட, தூக்கி எறிய என்று படத்துக்காகவே வார்த்த பிரதிகளும் அசல்தான். ஆக 'அசல்' என்று மொட்டையாகச் சொன்னால் போதாது, எந்த அசல் என்று சொல்ல வேண்டும்.

சரி, இவ்வளவு நாள் கண்ணால் பார்த்தாவது ஒருமாதிரி கண்டுபிடித்தோம். இனி அதுவும் நடக்காது. 3டி ஸ்கேனர் வந்துவிட்டது. உங்கள் வார்ப்பை ஸ்கேன் செய்து, சுருங்கிய அளவைக் கம்ப்யூட்டரிலேயே பெருக்கி, குமிழியைத் துடைத்து, எழுத்தை அழித்து, புதிதாகப் பிரிண்ட் எடுத்தால் ரீகாஸ்டைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் ஒன்றும் மிஞ்சாது. நீங்கள் நம்பியிருக்கும் தழும்புகளுக்கு ஆயுள் முடிந்துகொண்டிருக்கிறது. மிஞ்சப்போவது, பொருள் உங்கள் கையை விட்டுப் போகும் நாளில் நீங்கள் தேதி போட்டு எழுதிக் கொடுத்த தாள் மட்டும்தான்.

அதோடு, நீங்கள் இன்று நன்றாகச் செய்கிற நகல் நாளை யார் கைக்குப் போகும் என்றும் நினைத்துப் பாருங்கள். விசார்ட் ஆஃப் ஆஸ் படத்தின் சிவப்புக் காலணிகள் ஒரு ஜோடி 2005-இல் மின்னசோட்டாவில் ஒரு அருங்காட்சியகத்திலிருந்து திருட்டுப் போய் 2018-இல் மீட்கப்பட்டது. அசல்தானா என்று பார்க்க, ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஏற்கெனவே இருந்த ஜோடியோடு வைத்து ஒப்பிட்டார்கள். பார்த்தால், இரண்டு ஜோடியும் இடது வலது மாறிப்போயிருந்தன, இதன் இணை அதில், அதன் இணை இதில்! 2024 டிசம்பரில் அந்த மீட்ட ஜோடி ஏலத்தில் 2.8 கோடி டாலருக்குப் போனது. ஒப்பிட்டுப் பார்க்க இணை கிடைத்தது அதிர்ஷ்டம். இவ்வளவு பணம் புழங்கும் இடத்தில், நாற்பது வருடம் கழித்து அட்டைப் பெட்டியிலிருந்து எடுக்கப்படும் உங்கள் வார்ப்பை, படத்தில் வந்தது என்று சொல்லி விற்க ஆள் வராமல் இருப்பானா? அப்போது மறுத்துச் சொல்ல நீங்களும் இருக்கமாட்டீர்கள், நானும் இருக்கமாட்டேன்.

அதனால் நான் கேட்பது ஒரு பக்கத் தாள். படங்களைப் பார்த்துக் கையால் செதுக்கினீர்களா, ஏதாவது பொருளிலிருந்து அச்சு எடுத்தீர்களா என்று எழுதுங்கள். அச்சு என்றால் அசலிலிருந்து எத்தனையாவது தலைமுறை (அச்சு, வார்ப்பு என்று எத்தனை சுற்று தாண்டி வந்தது), எந்த வருடம் எடுத்தது. அசல் வைத்திருப்பவர் பெயர் வேண்டாம், "தனியாரிடம் உள்ளது, பெயர் வெளியிடவில்லை" என்று போட்டால் போதும், தலைமுறையை மறைக்காதீர்கள். நீங்கள் எதைத் திருத்தினீர்கள், எங்கே நிரப்பினீர்கள், சுருக்கத்தை ஈடுகட்ட அளவைக் கூட்டினீர்களா என்பதும் அதில் வேண்டும். செதுக்கும்போது எடுத்த போட்டோ ஒன்றிரண்டு, அடியில் கையெழுத்து, தேதி. மூன்றாவது தலைமுறை என்று எழுதினால் விலை குறையும் என்று பயப்படுகிறீர்கள், தெரியும். குறையட்டும். மூன்றாவது தலைமுறை என்று நேர்மையாகச் சொல்லும் வார்ப்புக்கு என்னைப் போன்றவர்கள் நியாயமான விலை கொடுப்போம். அசலிலிருந்து நேராக வந்தது என்று எல்லோரும் சொல்லும் சந்தையில்தான் யாரையும் நம்ப முடியாமல் விலை கேட்கவே கூச்சமாக இருக்கிறது.

அப்புறம், இதை நீங்கள் தனித்தனியாகச் செய்தால் போதாது. உங்களில் பெயர் வாங்கிய நாலு பேர் ஒரே மாதிரித் தாளை ஒரே சமயத்தில் கொடுக்க ஆரம்பித்தால், தாள் இல்லாமல் விற்கிறவரிடம் வாங்குகிறவனே ஏன் என்று கேட்பான். மூத்தவர்கள் முதலில் தொடங்குங்கள், உங்கள் பழைய வார்ப்புகளுக்கும் சேர்த்து. பழைய குறிப்புகளும் போட்டோக்களும் பரணில் எங்கேயாவது கிடக்கும், தேடி எடுங்கள்.

உங்களில் ஒருவரிடம் மவுஸர் கைத்துப்பாக்கியை அடிப்படையாக வைத்த, ஸ்டார் வார்ஸின் ஹான் சோலோ துப்பாக்கி ஒன்றுக்குச் சொல்லி வைக்கலாம் என்று பணம் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போது விலைக்கு முன்னால் இந்தத் தாளைத்தான் கேட்பேன். தர முடியாது என்று சொன்னால், எவ்வளவு அழகான வேலையாக இருந்தாலும் வாங்கமாட்டேன். எப்போது முதல் தருவீர்கள் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாடிக்கையாளன்