ஆளுக்கு 2,000 டாலர் என்றால் எந்த ஆளுக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

இறக்குமதி வரிப் பணத்திலிருந்து ஆளுக்குக் குறைந்தது 2,000 டாலர் தரப்போவதாக அதிபர் டிரம்ப் 2025 நவம்பரில் அறிவித்தாலும் அறிவித்தார், 'அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும்' என்று நீங்கள் போட்ட தலைப்பைப் பார்த்துவிட்டு மதுரையில் இருக்கும் என் அக்கா "உங்க வீட்ல அஞ்சு பேரு, பத்தாயிரம் டாலராச்சே" என்று கணக்குப் போட்டுவிட்டார். அறிவிப்புதான் வந்திருக்கிறதே தவிர, சட்டம் வந்தபாடில்லை. அப்படியே வந்தாலும் இங்கே அமெரிக்காவில் தலையை எண்ணிப் பணம் தர மாட்டார்கள். வரிக் கணக்கில் யார் யாருக்கு டிபென்டன்ட், அதாவது யார் செலவில் வாழ்பவர், என்றுதான் பார்ப்பார்கள்.

கொரோனா நிவாரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 மார்ச் சட்டப்படி பெரியவர்களுக்கு 1,200 டாலர், 17 வயது நிரம்பாத பிள்ளைக்கு 500. எனக்கும் கணவருக்கும் 2,400 வந்தது, 14 வயது மகனுக்கு 500. கல்லூரியில் படித்த 19 வயது மகளுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைக்கான 500-க்கு அவள் வயது தாண்டிவிட்டது. எங்கள் டிபென்டன்ட் என்பதால் பெரியவர்களுக்கான 1,200-உம் கிடையாது. பகுதி நேரமாகக் கடையில் வேலை பார்த்தாளே, சம்பளத்தில் வரி பிடித்தார்களே என்றெல்லாம் கேட்க முடியாது. கிரீன் கார்டும் சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் இருந்தும், எங்கள் டிபென்டன்ட் என்பதால் மாமியாருக்கும் இதே கதிதான். "வயசானவளுக்குத்தானே முதல்ல தரணும்?" என்றார். அந்தத் தொற்றுக்கு யார் அதிகம் பயந்து கிடந்தார்கள் என்று யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை.

"உங்க கணக்குல இருந்து பேரை எடுத்துடுங்க, அவங்களே தனியா ஃபைல் பண்ணட்டும்" என்று தெரிந்தவர்கள் யோசனை சொன்னார்கள். அது செல்லாது. பெயரைச் சேர்த்தோமா என்பது சட்டத்துக்குப் பொருட்டே இல்லை, சேர்க்க முடியுமா என்றுதான் பார்த்தார்கள். 24 வயதுக்குள் முழுநேரம் படித்துக்கொண்டு, பெற்றோர் செலவில் இருக்கும் பிள்ளை, பெயரை விட்டாலும் டிபென்டன்ட்தான். இத்தனைக்கும், இப்படிப்பட்டவர்களைக் கணக்கில் காட்டினால் எங்களுக்குக் கிடைக்கும் வரிச் சலுகை தலைக்கு 500 டாலர்.

டிசம்பரில் வந்த 600 டாலரிலும் அதே வயது வரம்பு, மறுபடியும் மூன்று பேருக்குத்தான். 2021 மார்ச்சில்தான் எந்த வயது டிபென்டன்டுக்கும் 1,400 என்று மாற்றினார்கள். ஐந்து பேருக்கும் சேர்த்து 7,000 வந்தது. அதுவும் எங்கள் வங்கிக் கணக்குக்குத்தான் வந்தது. மாமியார் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டார், அது வேறு கதை.

இப்போது மகள் வேலைக்குப் போய்விட்டாள், மகன் கல்லூரியில். புதுச் சட்டத்தை 2020 மாதிரி எழுதினால் அவனுக்கும் மாமியாருக்கும் பூஜ்யம், 2021 மாதிரி எழுதினால் முழுத் தொகை. எனவே அடுத்த முறை 'அமெரிக்கர் ஒவ்வொருவருக்கும்' என்று தலைப்புப் போடுமுன், வயது வரம்பு உண்டா, டிபென்டன்டுக்கு உண்டா, வருமான வரம்பு எவ்வளவு என்பதையும் விசாரித்துச் செய்தியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
எடிசன், நியூ ஜெர்சி