எதிர் வரிசை அண்ணனுக்கும் எல்லாருக்கும் நன்றி

சுங்கை சிப்புட் சொந்தங்களுக்கு,

அப்பா நேற்றுச் சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இன்று காலை அரை டம்ளர் கஞ்சி குடித்தார். நடந்தது உங்களுக்கே தெரியும், திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

இரத்தம் கொடுத்த கோயில் இளைஞர்கள், முறை போட்டு ஆஸ்பத்திரியில் காவல் இருந்த சபைத் தம்பிகள், கணக்கு எழுதாமல் சாமான் அனுப்பிய சீனர் கடை முதலாளி, எல்லாரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஜெபமாலை சொன்ன கத்தோலிக்க அக்காமாரே, இரட்சிப்பு கிருபையினால்தான் என்று உங்கள் கத்தோலிக்கத் திருச்சபையும் எங்கள் லுத்தரன் பக்கத்தாரும் 1999-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் சேர்ந்து கையெழுத்துப் போட்டது தெரிந்தும் உங்களோடு வாதாடியிருக்கிறேன். மன்னியுங்கள்.

எதிர் வரிசை அண்ணனைப் பற்றி எழுதாமல் என் மனம் ஆறாது. பெயர் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

அன்று விடியற்காலை ஆம்புலன்சில் ஏறியபோது என் காலில் ஒன்றும் இல்லை. ஈப்போ ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோதும் அது தெரியவில்லை. மழையில் மோட்டாரில் பின்னாலேயே வந்த அண்ணன்தான் பார்த்தார். தன் சிலிப்பரைக் கழற்றி, நான் கால் நுழைக்க வாகாகத் திருப்பி வைத்தார். "போட்டுக்க தங்கச்சி, தரை ஜில்லுன்னு இருக்கு." நீல வார். இடது வார் பிய்ந்து, அடியில் ஊக்கு குத்தியிருந்தது. என் காலுக்கு இரண்டு விரல் பெரிது. அப்புறம் அப்பாவை உள்ளே கொண்டுபோனார்கள். அண்ணன் வெறுங்காலோடு மோட்டார் ஓட்டித் திரும்பியிருப்பார் என்பது மதியத்துக்கு மேல்தான் உறைத்தது.

இவர் மாரியம்மனுக்குத் தீ மிதிப்பவர். போன வருடம் இவர் வீட்டுக் கேட்டில் சுவிசேஷக் கைப்பிரதி செருகியவள் நான். வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விசுவாசத்தினால் மட்டுமே இரட்சிப்பு என்று அப்பா மடியில் உட்கார்ந்து படித்த லுத்தரன் பிள்ளை நான். பெண்கள் ஐக்கியத்தில் யாராவது, நற்கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்கிற யாக்கோபு நிருபத்தை எடுத்தால், இரட்சிப்பு கிரியைகளினால் அல்ல என்கிற எபேசியர் இரண்டாம் அதிகாரத்தைச் சொல்லி வாயை அடைத்துவிடுவேன். 1522-இல் எங்கள் சபைக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் யாக்கோபை 'வைக்கோல் நிருபம்' என்றது எனக்குத் துணை. அதே ஆண்டு ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையில், உயிருள்ள விசுவாசம் நற்கிரியை செய்யவேண்டுமா என்று கேட்டு நிற்காது, கேட்பதற்குள் செய்து முடித்திருக்கும் என்று அவரே எழுதியதை மட்டும் சுலபமாகத் தாண்டிப் போயிருக்கிறேன்.

என் விசுவாசம் மாறவில்லை. கிருபையைப் பற்றி இத்தனை வருடம் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்தேன். வெறுங்கையோடு வாங்கிப் பார்த்தது அந்த வராந்தாவில்தான். நான் கேட்கவில்லை. அதற்குத் தகுதியாக அவருக்கு ஒன்றும் செய்ததுமில்லை. புது ஜோடி வாங்கிக்கொண்டு போனேன். "இதுக்கெல்லாம் கணக்கா தங்கச்சி?" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார், புதுசை வாங்கவே இல்லை.

அவருடைய இரட்சிப்பைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல நான் ஆள் இல்லை. மத்தேயு 25-இல், "பசியாயிருந்தேன், எனக்குப் போஜனம் கொடுத்தீர்கள்" என்று ஆண்டவர் சொல்ல, "எப்போது உம்மைக் கண்டோம்?" என்று நீதிமான்களே அவரிடம் திகைத்துக் கேட்கிறார்கள். இப்போதெல்லாம் அந்த வசனத்தைத் தாண்டி வாசிக்க முடியாமல் நின்றுவிடுகிறேன்.

கைப்பிரதி கொடுப்பதை விடமாட்டேன். ஆனால் இனிக் கேட்டில் செருகிவிட்டு ஓடமாட்டேன். உள்ளே போய் உட்கார்ந்து, பசியாறினீர்களா என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பேன்.

அண்ணே, சிலிப்பரைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன். ஊக்கைக் கழற்றவில்லை. அப்பா உங்களைப் பார்க்கணும் என்கிறார், சாயங்காலம் வாங்க.