டோர்ட்முண்டிலிருந்து அப்பாவுக்கு

டோர்ட்முண்ட், ஜெர்மனி,
9 நவம்பர் 2025, ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். நீங்கள், அம்மா, தம்பி எல்லோரும் நலமா? போன வாரம் போனில் பிஎஃப் பிடிக்கிறார்களா, புரொபேஷன் எத்தனை மாதம், மேலதிகாரி எப்படி என்று வரிசையாகக் கேட்டீர்கள். அதற்குள் அம்மா போனை வாங்கிச் சாப்பாட்டுப் பேச்சுக்குப் போய்விட்டாள். தாலுகா ஆபீஸில் முப்பது வருஷத்துக்கு மேல் ஃபைல் பார்த்தவருக்கு அரைகுறைப் பதில் போதாது. இன்று ஞாயிற்றுக்கிழமை, இங்கே சட்டப்படியே கடைகள் மூடியிருக்கும். அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

வந்ததும் முதல் வேலை முகவரிப் பதிவு. குடியேறிய இரண்டு வாரத்துக்குள், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாளோடு நகர அலுவலகத்துக்குப் போக வேண்டும். என்ன மதம் என்றும் கேட்கிறார்கள். கத்தோலிக்க சபையிலும் புராட்டஸ்டண்ட் சபையிலும் இருப்பவர்கள் வருமான வரியோடு சர்ச் வரியும் கட்ட வேண்டும், அதற்காகத்தான். பதிந்த பிறகு 11 இலக்க வரி எண் தபாலில் வந்தது. அடுக்குமாடி வீடுகளுக்குத் தனித்தனிக் கதவு எண் கிடையாது. தபால் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் கடிதம் போடுவார். உங்கள் கடிதத்திலும் என் பெயரைப் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுதுங்கள்.

சரி, ஆபீஸுக்கு வருகிறேன். அக்டோபர் 1-ஆம் தேதி சேர்ந்தபோதே மேசை, லேப்டாப், நுழைவு அட்டை, முதல் மாதம் எந்த நாளில் யாரிடம் என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் தயாராக இருந்தன. கேள்வி கேட்பதற்கென்றே ஒருவரை என்னோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர், பொறுமைசாலி. இன்ஷூரன்ஸ் கணக்குகளைக் கையாளும் மென்பொருள்தான் எங்கள் பிரிவு. பழைய நிரல்கள் நிறைய. ஒரு வரியை மாற்றும் முன் அது ஏன் அப்படி எழுதப்பட்டது என்று அவர் சொல்லித் தருகிறார். நீங்கள் பழைய ஃபைலில் ஒவ்வொரு குறிப்பையும் கீழிருந்து மேலே படித்து வருவீர்களே, அந்தப் பழக்கம் எனக்கும் ஒட்டியிருக்கிறது. இங்கே அது மிகவும் உதவுகிறது.

மேலதிகாரி ஒரு பெண்மணி. கூட்டம் பத்து மணிக்கு என்றால் பத்துக்குத் தொடங்கிவிடும். சொன்னது சரியில்லை என்றால் எல்லோர் முன்னாலும் காரணத்தோடு சொல்வார்கள், மனதில் எதையும் வைத்துக்கொள்வதில்லை. முதலில் எனக்கு முகம் வாடியது. இப்போது அதுதான் நல்லது என்று தோன்றுகிறது, எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துவிடுகிறது. கூட்டங்களில் எனக்காக ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். ஆனால் சாப்பாட்டு அறைப் பேச்சு முழுக்க ஜெர்மன். அந்த மேசையில் நானும் சேர்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே மாலை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன்.

இனி பிடித்தக் கணக்கு. ஓய்வூதியத்துக்கு 18.6 சதவீதம். அதில் பாதி நான், பாதி கம்பெனி. மருத்துவக் காப்பீட்டுக்கு 14.6 சதவீதமும் அதற்கு மேல் ஒரு கூடுதல் தொகையும், அதுவும் பாதிப் பாதி. கல்யாணம் ஆகாதவர்களுக்கு வரியும் அதிகம். எல்லாம் சேர்ந்து, சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தத்திலேயே போய்விடுகிறது. முதல் சீட்டைப் பார்த்தபோது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் நோய் என்று படுத்தால் ஆறு வாரம் வரை கம்பெனியே முழுச் சம்பளம் தருகிறது. புரொபேஷன் ஆறு மாதம். அதற்குள் இரண்டு வார நோட்டீஸில் யாரும் யாரையும் விடலாம். மார்ச் கடைசி வரை அந்தக் கவலை கொஞ்சம் இருக்கும்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது லீவு பற்றி. வாரம் ஐந்து நாள் வேலை செய்பவருக்கு வருஷத்துக்குக் குறைந்தது 20 நாள் லீவு தர வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். பெரும்பாலான கம்பெனிகள் அதைவிட அதிகம் தருகின்றன. லீவில் இருக்கும்போது காய்ச்சல் வந்து டாக்டர் சீட்டு கொடுத்தால், அந்த நாட்கள் லீவுக் கணக்கில் கழியாது. ஒரு நாள் வேலை முடிந்து அடுத்த நாள் தொடங்குவதற்கு இடையே 11 மணி நேர ஓய்வு இருக்க வேண்டும். அப்புறம் இதையும் கேளுங்கள்: சட்டப்படி வரும் அந்த லீவை, வேலையில் இருக்கும்வரை காசாக்க முடியாது. எடுத்துத்தான் ஆக வேண்டும்.

இதைக் கேட்ட நாளில் எனக்கு வேலையே ஓடவில்லை அப்பா. நீங்கள் ஈட்டிய விடுப்பைச் சரண்டர் செய்த பணத்தில்தான் என் காலேஜ் ஃபீஸ் கட்டியது. ஜமாபந்தி சமயத்தில் காய்ச்சலோடும் போவீர்கள். குற்றாலத்துக்கு நாம் நான்கு பேரும் சேர்ந்து போனதாக எனக்கு நினைவே இல்லை.

போன சனிக்கிழமை, எனக்குச் சொல்லித்தரும் அந்தச் சக ஊழியரோடு ஃபீனிக்ஸ் ஏரிக்குப் போனேன். 2001 வரை அங்கே இரும்பு உருக்காலை இருந்ததாம். மூடியபின் இயந்திரங்களைப் பிரித்துச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஏரி வெட்டினார்கள். பழைய உலைக்கலம் ஒன்றை மட்டும் கரையில் நிறுத்தியிருக்கிறார்கள். அவருடைய அப்பா அந்த ஆலையில் ஷிப்ட் பார்த்தவர். ஆனாலும் கோடைதோறும் குடும்பத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போவாராம். அப்பாவோடு மணலில் கால்வாய் வெட்டியதை அவர் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் உங்களைப் பற்றிச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் நடந்துவிட்டு, உங்களை இங்கே ஒருமுறை அழைத்து வரச் சொன்னார்.

தீபாவளி திங்கட்கிழமை வந்தது, இங்கே வேலை நாள். ரவா லட்டு பிடித்துக்கொண்டு போனேன். இங்கே பிறந்தநாள் யாருக்கோ அவர்தான் கேக் கொண்டுவர வேண்டும். அதனால் எல்லோரும் எனக்குப் பிறந்தநாள் என்று நினைத்துவிட்டார்கள். தட்டு ஒரு மணி நேரத்தில் காலி. அம்மாவிடம் சொல்லுங்கள், பக்குவம் சரியாக வந்தது. முந்தைய நாள் ரயிலிலும் பஸ்ஸிலுமாக ஹம் நகரத்துக்குப் போய் காமாட்சி அம்பாளைப் பார்த்துவிட்டு வந்தேன். இலங்கைத் தமிழர்கள் 2002-இல் குடமுழுக்கு செய்த கோயில், கோபுரத்தோடு. அங்கே ஒரு பெரியம்மா என் கையைப் பிடித்து, "பிள்ளை எந்த ஊர்?" என்று கேட்டு, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்கார வைத்துவிட்டார்.

அந்தக் கோயிலில் கோடைத் தொடக்கத்தில் தேர் ஓடும். அப்போது என் புரொபேஷனும் முடிந்திருக்கும், முழு லீவு உரிமையும் வந்திருக்கும். நீங்களும் அம்மாவும் வர வேண்டும். இரவு ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்குமாம். முழங்கால் வலி, செலவு என்றெல்லாம் சொல்லாதீர்கள். டிக்கெட் என் பொறுப்பு. இந்த மாதமே திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவை மையத்தில் இருவருக்கும் நேரம் வாங்கச் சொல்லித் தம்பிக்கு எழுதியிருக்கிறேன். ஆதாரில் அம்மாவின் பிறந்த தேதியும் பள்ளிச் சான்றிதழில் இருப்பதும் ஒன்றுதானா என்று முதலில் பார்த்துவிடுங்கள். போலீஸ் விசாரணைக்கு வரும் சமயத்தில் இருவரும் ஊரில் இருங்கள்.

உங்கள் அன்பு மகள்