1916 மன்னர் கோப்பை: நான்கு ஆட்டம் ஏன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

1916 ஸ்பெயின் மன்னர் கோப்பை கால்பந்து அரையிறுதியில் மாட்ரிட் அணியும் பார்சிலோனாவும் நான்கு முறை மோதின. முதல் ஆட்டம் பார்சிலோனாவுக்கு 2-1. அடுத்தது மாட்ரிட்டுக்கு 4-1. கோல்களைக் கூட்டினால் 5-3. இன்றைய வழக்கப்படி மாட்ரிட் அப்போதே இறுதிக்குப் போயிருக்கும். அன்றோ வெற்றிகளை மட்டுமே எண்ணினார்கள். எத்தனை கோலில் ஜெயித்தாலும் ஆளுக்கொரு வெற்றிதான். சமநிலையை முறிக்கும் பெனால்ட்டி ஷூட் அவுட்டும் கிடையாது. மறு ஆட்டம் ஒன்றே வழி.

ஏப்ரல் 13 அன்று மாட்ரிட் நகரில் நடந்த மூன்றாவது ஆட்டம், கூடுதல் நேரம் கொடுத்தும் 6-6. இரண்டே நாள் இடைவெளியில் அதே நகரில் நான்காவது. களைத்த கால்களுக்கு இது கொடுமை. வெளியூர் அணிக்குக் கூடுதல் கொடுமை. இந்த இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவர் பெர்ராவோந்தோ, மாட்ரிட்டின் முன்னாள் ஆட்டக்காரர்! நான்காவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் மாட்ரிட் 4-2 என முந்தியிருக்க, நடுவர் தீர்ப்பை எதிர்த்து பார்சிலோனா மைதானத்தை விட்டு வெளியேறியது. நடுவர் நேர்மையானவராகவே இருக்கட்டும், அந்த நியமனம் தவறு.

மே 7 இறுதி ஆட்டம் பார்சிலோனா நகரிலேயே நடந்தது. பில்பாவோ நகரின் அத்லெடிக் அணி 4-0 என மாட்ரிட்டை வீழ்த்தித் தொடர்ந்து மூன்றாவது முறையாகக் கோப்பையை வென்றது. அந்த மாட்ரிட்டின் பெயரில் 'ரியல்' சேர்ந்தது 1920-இல்தான். 1916 பற்றி எழுதும்போது 'ரியல் மாட்ரிட்' என்பது பிழை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்