காவ்யாவுக்குக் காலில் விரிசல்

மல்லிகா,

எட்டு மாதமாகக் கடிதம் இல்லை என்று நீ திட்டுவாய். திட்டிக்கொள், ஆனால் முதலில் இதைப் படி. அவர் சௌக்கியம், மாமியார் வழக்கம்போல.

காவ்யாவுக்கு முழங்காலுக்குக் கீழே வலி என்று ஸ்கேன் எடுத்தால், எலும்பில் மெல்லிய விரிசல். டாக்டரம்மா முதலில் கேட்டது, "கடைசியாக பீரியட்ஸ் எப்போது?" ஐந்து மாதமாக இல்லையாம்! பெற்றவளுக்குத் தெரியவில்லை. பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்கிறது, நன்றாக ஓடுகிறாய் என்று அர்த்தம் என்றாராம் அந்தப் புண்ணியவான்.

ஓடி ஓடிக் களைத்துத்தான் இப்படி என்று நினைத்தேன். இல்லையாம். சாப்பிட்டதில் ஓட்டத்துக்குப் போனது போக உடம்புக்கு என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கணக்கு. கொழுப்பை நீக்கிய எடையில் கிலோவுக்கு நாளைக்குச் சுமார் 45 கலோரி மிஞ்ச வேண்டும். ஆன் லவுக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டிருக்கிறார். மிச்சம் 30-க்குக் கீழே இறங்கினால் ஐந்தே நாளில், சினைப்பையை இயக்கும் எல்.எச். என்ற ஹார்மோனின் துடிப்பு குலைந்துவிடுகிறது. ஐந்தே நாள், மல்லி! உடற்பயிற்சி செய்தாலும் அதற்கு ஈடாகச் சாப்பிட்டவர்களுக்கு அப்படி ஆகவில்லை என்று அதற்கு முன்பே காட்டியவரும் அவர்தான்.

கையில் காசில்லாத வீட்டில் கல்யாணப் பேச்சு எடுப்பார்களா? மூளையும் அப்படித்தான். உடம்பில் இருப்பு எவ்வளவு என்று சொல்லும் லெப்டின், இன்சுலின் ஹார்மோன்கள் எல்லாம் குறைந்ததும், மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி விட்டுவிட்டு அனுப்பும் சமிக்ஞையை மெதுவாக்கிவிடுகிறது. அதன் கீழே உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஓய்கிறது, சினைப்பை ஓய்கிறது, ஈஸ்ட்ரோஜன் இறங்குகிறது. அது இறங்கினால் எலும்பு தேய்கிறது. இத்தனைக்கும் அவள் எடை குறையவே இல்லை. அதனால்தான் நான் கோட்டை விட்டேன்.

விடுதியில் மெஸ் ரசத்தைக் கண்டித்து நீ மாதக்கணக்கில் அரைவயிறாகக் கிடந்தாயே, உனக்கும் நின்றது. வார்டன் உன்னைக் கூப்பிட்டு, "யாருடி அவன்?" என்று விசாரித்தது! எத்தனை வருடம் சிரித்தோம். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை. உன் முதுகுவலிக்கு ஒரு எலும்பு ஸ்கேன் எடுத்துப் பாரேன்.

ஹார்மோன் மாத்திரை கொடுத்தால் பீரியட்ஸ் வந்துவிடும் என்று நாத்தனார் யோசனை. மாத்திரையில் வரும் ரத்தப்போக்கு கணக்கில் சேராது, மூளை உறங்கியபடிதான் இருக்கும் என்றார் டாக்டரம்மா. சாப்பாடுதான் மருந்து. காவ்யாவோ தட்டைப் பார்த்து அழுகிறாள், கனத்தால் வேகம் போய்விடுமாம். நேற்று ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன்.

உன் அம்மாவின் பொருவிளங்காய் உருண்டைச் செய்முறையை எழுதி அனுப்பு. பல் உடையாத பக்குவம் ஏதும் இருந்தால் அதையும்.

உன்,
வசந்தா