எஸ்ரா கார்னெல் கட்டுரைக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெல் பற்றி எங்கள் உழவர் மன்ற மலரில் வந்த கட்டுரையைப் படித்துவிட்டுப் பலர் பாராட்டினீர்கள். அதில் பெரும்பங்கு போய்ச் சேரவேண்டியவர்கள் வேறு சிலர்.

ஓய்வுபெற்ற வேளாண் பேராசிரியர் அய்யாவுக்கு முதல் வணக்கம். "தந்தி முதலாளி என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள், நீங்கள் கலப்பையிலிருந்து தொடங்குங்கள்" என்று சொன்னவர் அவர். மெயின் மாநிலத்தில் கலப்பை விற்கப் போன இடத்தில்தான், தந்திக் குழாய் பதிக்கப் பள்ளம் பறிக்கும் கருவியைச் செய்யும் வேலை 1843இல் கார்னெலுக்குக் கிடைத்தது. தந்திக் கம்பியில் வந்த பணம் 1857இல் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா ஊரில் பண்ணையாகவும் ஷார்ட்ஹார்ன் மாடுகளாகவும் ஆனது. 1862இல் நியூயார்க் மாநிலப் பேரவைக்குள் நுழைந்தார். 1864 முதல் 1867 வரை மாநிலச் செனட்டர், அங்கே வேளாண்மைக் குழுவின் தலைவர்.

சட்டமன்றச் செயலகத்தில் வேலை பார்த்த சித்தப்பா இல்லாவிட்டால் நடுப்பகுதியை எழுதியிருக்கவே முடியாது. வேளாண் கல்வி தரும் கல்லூரிகளுக்காக மாநிலங்களுக்கு அரசு நிலம் வழங்கிய மொரில் சட்டம் 1862இல் நியூயார்க்குக்கு ஒதுக்கிய சுமார் 9,90,000 ஏக்கர் நிலத்துக்கான பத்திரங்களில் பாதியை ஒரு வேளாண் கல்லூரிக்குத் தரவேண்டும் என்பது முதலில் கார்னெலின் வாதம். பிரிக்கவே கூடாது என்று மல்லுக்கு நின்றார் சக செனட்டர் ஆண்ட்ரூ வொயிட். கடைசியில் மனம் மாறிய கார்னெல், புதிய பல்கலைக்கழகத்துக்குத் தம் கையிலிருந்து 5,00,000 டாலர் தர முன்வந்தார். அப்படியும் மசோதா நிறைவேற, தனக்கும் பங்கு கேட்ட ஜெனிசி கல்லூரிக்கு அவர் தனியாக 25,000 டாலர் அழ வேண்டியிருந்தது. இதைச் சொன்னபோது சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். ஆளுநர் 1865 ஏப்ரல் 27 அன்று கையெழுத்திட்டார். வொயிட்டின் தன்வரலாற்றை இணையத்தில் இலவசமாகப் படிக்க வைத்திருக்கும் முகம் தெரியாதவர்களுக்கும் இந்தப் பகுதி கடன்பட்டிருக்கிறது.

நிலப் பத்திரம் என்றால் என்ன என்பதை விளங்கவைத்தவர் எங்கள் ஊரில் கிராம நிர்வாக அலுவலராக இருந்த அண்ணன். அது நிலமல்ல, விற்காத அரசு நிலத்தில் தேர்ந்தெடுத்து எடுத்துக்கொள்ளும் உரிமைச் சீட்டு; சந்தையில் அது ஏக்கருக்கு ஒரு டாலர்கூடப் பெறவில்லை. கார்னெல் அதை வாங்கி, விஸ்கான்சினில் பைன் காடுகளாகப் பார்த்துப் பிடித்து, விலை ஏறட்டும் என்று வரி கட்டிக்கொண்டு காத்திருந்தார். பலன் முழுதாக வருமுன்பே, 1874இல் இறந்துபோனார். இவ்வளவு பொறுமை சட்டசபைக்காரருக்கு வராது, சம்சாரிக்குத்தான் வரும் என்பது அண்ணனின் கட்சி. என்னுடையதும் அதுவே.

தட்டச்சு செய்த தங்கைக்கும் நன்றி. "அந்தக் காடு அதுக்கு முன்னாடி யாரோடது?" என்று கேட்டு அச்சுக்குப் போகவிருந்த பக்கங்களை நிறுத்திவைத்தாள். ஓஜிப்வே முதலான பூர்வகுடிகளிடமிருந்து அரசு ஒப்பந்தங்கள் போட்டு எடுத்துக்கொண்ட நிலம் பற்றிய பத்தி அதன் பிறகு சேர்ந்ததுதான். கட்டுரையில் எனக்குப் பிடித்த பத்தியும் அதுவே.

மலர் கிடைக்காதவர்கள் மன்றத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
கட்டுரையாளர்